ஆளில்லாத் தொடருந்து நிலையம்

ஆளில்லாத் தொடருந்து நிலையம் என்பது, தொடருந்து நிறுவனத்தின் நிலைய ஊழியர் எவரும் பணியமர்த்தப்படாத, ஆனால் பயணிகள் ஏறி இறங்குவதற்காகக் கால அட்டவணைப்படி வண்டிகள் நின்று செல்கின்ற சிறிய நிலையம் ஆகும். தமிழ்நாட்டில் இத்தகைய நிலையங்கள் பேச்சு வழக்கில் ஹால்ட் எனவும், எழுத்து வழக்கில் நிறுத்தம் எனவும் அழைக்கப்படுகின்றன. சப்பானில் இவை முஜின் எகி என வழங்கப்படுகின்றன. இச்சொல்லில் மு என்பது இன்மையையும், ஜின் என்பது ஆளையும், எகி என்பது நிலையத்தையும் குறிக்கும். ஆளில்லா நிலையம் என்னும் தமிழ்த் தொடர் இதற்கு ஏறத்தாழ நேர்ப் பொருளாக அமைகின்றது.

ஆளில்லா நிலையமும் ஆளில்லாக் கடவுப்பாதையும் வெவ்வேறானவை. பின்னது சாலையும் தண்டவாளமும் குறுக்கிடும் இடத்தில் காவலர் இல்லாதிருப்பதைக் குறிக்கின்றது. இந்தியாவின் அகலப் பாதைகளில் ஆளில்லாக் கடவுப்பாதைகள் 2019 சனவரியோடு முற்றிலும் நீக்கப்பட்டன. ஆளில்லா நிலையங்களோ இன்றும் பெரும் எண்ணிக்கையில் இயங்கி வருகின்றன.

பொருளடக்கம்
1. வகைப்பாடு
2. இயங்கும் முறை
3. நிலைய அதிபரின் பணிகள் கைமாறுதல்
4. திண்டுக்கல் - பொள்ளாச்சித் தடம்
5. திறத்தலும் மூடுதலும்
6. சப்பானில்
7. அணுகுவசதியும் பாதுகாப்பும்
8. இவற்றையும் பார்க்க

வகைப்பாடு

இந்திய இரயில்வேயில் நிலையங்கள் இரண்டு வெவ்வேறு அடிப்படைகளில் வகுக்கப்படுகின்றன. ஒன்று வண்டிகளை இயக்கும் முறையைச் சார்ந்தது. மற்றொன்று வருவாயையும் பயணிகளின் எண்ணிக்கையையும் சார்ந்தது.

இயக்க முறைப்படி நிலையங்கள் பிளாக் நிலையங்கள், பிளாக் அல்லாத நிலையங்கள் என இரு பெரும் பிரிவுகளாகின்றன. ஒற்றைத் தண்டவாளப் பாதையில், அடுத்தடுத்த இரு பிளாக் நிலையங்களுக்கு இடைப்பட்ட தொலைவு ஒரு பிளாக் பிரிவு ஆகும். பழைய முறையில் ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டுமே இப்பிரிவுக்குள் செல்ல இசைவு உண்டு. இந்த இசைவை வழங்குபவர் நிலைய அதிபர். ஹால்ட் இவ்வாறான இரு நிலையங்களுக்கு நடுவில், பிரிவின் உள்ளேயே அமைந்திருக்கும். அங்கே கைகாட்டியோ வண்டிகள் விலகிச் செல்லும் கிளைத் தண்டவாளமோ இருப்பதில்லை. எனவே வண்டியின் இயக்கத்தில் ஹால்ட்டுக்கு எந்தப் பங்கும் இல்லை. வண்டி அங்கே நின்றாலும் நிற்காவிட்டாலும் பிரிவின் நிலை மாறுவதில்லை. அங்கே நிலைய அதிபர் தேவைப்படாமைக்கு இதுவே அடிப்படைக் காரணம் ஆகும்.

பிளாக் அல்லாத நிலையங்கள் டி வகுப்பு எனக் குறிக்கப்படுகின்றன. இவற்றுள் பயணச்சீட்டு வழங்க இரயில்வே ஊழியர் இருப்பது கொடி நிலையம் எனப்படும். ஊழியர் இல்லாமல், ஒப்பந்த முகவராலோ வண்டியின் கார்டாலோ சீட்டு வழங்கப்படுவது ஹால்ட் எனப்படும்.

வருவாய் அடிப்படையிலான பழைய பகுப்பில் ஹால்ட்டுகள் அனைத்தும் எஃப் என்னும் ஒரே பிரிவில் இருந்தன. 2017 இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி அவை மூன்று தரங்களாகப் பிரிக்கப்பட்டன.

- எச்.ஜி. 1: ஆண்டு வருவாய் 50 இலட்சம் ரூபாய்க்கு மேல், அல்லது புறப்படும் பயணிகள் 3 இலட்சத்துக்கு மேல்.
- எச்.ஜி. 2: ஆண்டு வருவாய் 5 இலட்சம் முதல் 50 இலட்சம் ரூபாய் வரை, அல்லது புறப்படும் பயணிகள் 1 இலட்சம் முதல் 3 இலட்சம் வரை.
- எச்.ஜி. 3: ஆண்டு வருவாய் 5 இலட்சம் ரூபாய் வரை, அல்லது புறப்படும் பயணிகள் 1 இலட்சம் வரை.

இயங்கும் முறை

ஹால்ட்டின் அமைப்பு மிக எளியது. தண்டவாளத்தின் ஓரத்தில் ஒரு நடைமேடை, ஒரு சிறிய கூரை, சில இருக்கைகள், குடிநீர்க் குழாய், விளக்கு, பெயர்ப்பலகை ஆகியவை காணப்படும். ஹால்ட்டுகளுக்கென இரயில்வே வகுத்துள்ள அடிப்படை வசதிகளின் பட்டியலில் நிழல் தரும் மரங்களும் இடம்பெறுகின்றன. தமிழ்நாட்டில் பெயர்ப்பலகை மஞ்சள் நிறப் பின்னணியில் கறுப்பு எழுத்துகளில், தமிழ், இந்தி, ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளில் எழுதப்பட்டிருக்கும்.

பல ஹால்ட்டுகளில் பயணச்சீட்டு விற்பவர் ஹால்ட் முகவர் ஆவார். இவர் இரயில்வே ஊழியர் அல்லர். இவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. விற்கும் சீட்டுகளின் மதிப்பில் ஒரு பங்கு கமிஷனாகக் கிடைக்கும். பெரும்பாலும் அந்தந்த ஊரைச் சேர்ந்தவர்களே இப்பணிக்குத் தெரிவு செய்யப்படுகின்றனர். அருகிலுள்ள பெரிய நிலையத்தில் முன்கூட்டியே பணம் செலுத்திச் சீட்டுகளைப் பெற்று வந்து, வண்டி வரும் நேரங்களில் மட்டும் விற்பது வழக்கமான முறையாக இருந்தது. நீண்ட காலம் இவ்வாறு விற்கப்பட்டவை தடித்த அட்டையாலான சிறு சீட்டுகள் ஆகும். பிரித்தானியாவில் 1830களின் இறுதியில் தாமசு எட்மண்ட்சன் என்பவர் உருவாக்கிய இவ்வகைச் சீட்டு, ஏறத்தாழ 57 மில்லிமீட்டர் நீளமும் 30 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. தற்காலத்தில் கணினிச் சீட்டுகளும் செல்பேசிச் செயலிகளும் அட்டைச் சீட்டுகளின் இடத்தைப் பிடித்துள்ளன.

முகவர் இல்லாத ஹால்ட்டில் ஏறும் பயணி என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் சட்டத்தில் வழி உண்டு. 1989 ஆம் ஆண்டின் இரயில்வே சட்டத்தின் 55 ஆம் பிரிவு பயணச்சீட்டு இன்றிப் பயணம் செய்வதைத் தடை செய்கின்றது. அதே பிரிவு, உரிய இரயில்வே ஊழியரின் அனுமதியைப் பெற்று ஏறுவதற்கும், அதற்கான சான்றைப் பெறுவதற்கும் இடமளிக்கின்றது. இதன்படி கார்டிடம் முன்னரே தெரிவித்து ஏறுபவர் கட்டணத்தை மட்டும் செலுத்தினால் போதுமானது. தெரிவிக்காமல் ஏறுபவரிடம் கூடுதல் தொகை அறவிடப்படும். கார்டு என்னும் பதவியின் பெயர் 2022 சனவரியில் வண்டி மேலாளர் என மாற்றப்பட்டது.

நிலைய அதிபரின் பணிகள் கைமாறுதல்

ஒரு நிலையத்திலிருந்து ஊழியர் நீக்கப்படும்போது அவர் செய்துவந்த பணிகள் மறைந்து விடுவதில்லை. அவை வேறு ஒருவரிடம் சென்று சேர்கின்றன. ஆளில்லா நிலையத்தின் செலவு குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம் எனலாம்.

- சீட்டு வழங்குதல்: முகவருக்கும் கார்டுக்கும் செல்கின்றது. செயலிகள் வந்த பின்னர் பயணியே இதனைச் செய்துகொள்கின்றார்.
- வண்டியைப் புறப்படச் செய்தல்: கார்டுக்குச் செல்கின்றது. கடைசிப் பயணி ஏறிவிட்டதை உறுதி செய்து, ஊதல் ஊதிப் பச்சைக் கொடி காட்டுபவர் அவரே.
- தாமதத்தை அறிவித்தல்: பெரும்பாலும் எவரிடமும் செல்வதில்லை. வண்டி வரும் வரை காத்திருப்பதே பயணியின் வழியாக உள்ளது. செல்பேசி பரவலான பின்னர் இந்நிலை ஓரளவு மாறியுள்ளது.
- முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு உதவுதல்: உடன் பயணிப்பவர்களைச் சார்ந்துள்ளது.
- விளக்கு, தூய்மை, காவல்: அருகிலுள்ள பெரிய நிலையத்தின் பொறுப்பாகின்றது. நடைமுறையில் இவற்றின் தரம் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றது.

நிலையத்தின் வேலை வண்டியின் மீது ஏற்றப்படுவதற்குத் தமிழ்நாட்டில் நன்கு அறியப்பட்ட ஓர் எடுத்துக்காட்டு திருவாரூர் - காரைக்குடித் தடம் ஆகும். ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நீளமுள்ள இத்தடம் அகலப் பாதையாக மாற்றப்பட்டு, 2019 சூன் 1 அன்று பயணியர் சேவை தொடங்கியது. அப்போது கடவுப்பாதைகளுக்குப் போதிய காவலர்கள் அமர்த்தப்பட்டிருக்கவில்லை. எனவே காவலர்கள் வண்டியிலேயே பயணம் செய்தனர். ஒவ்வொரு கடவுப்பாதைக்கு முன்பும் வண்டி நிற்கும். முன்பக்கத்தில் இருப்பவர் இறங்கிக் கதவை மூடுவார். வண்டி கடந்ததும் மீண்டும் நிற்கும். பின்பக்கத்தில் இருப்பவர் இறங்கிக் கதவைத் திறந்துவிட்டு ஏறிக்கொள்வார். இதனால் பயண நேரம் ஆறு மணிக்கும் மேலானது. ஆட்களைக் குறைப்பதால் மிஞ்சும் செலவு, பயணியின் நேரமாக மாறக்கூடும் என்பதை இத்தடம் தெளிவாகக் காட்டியது.

திண்டுக்கல் - பொள்ளாச்சித் தடம்

திண்டுக்கல் மாவட்டம் பழனி வட்டத்தில், திண்டுக்கல் - பழனிச் சாலையில் அமைந்துள்ள பேரூராட்சி ஆயக்குடி. கொய்யாத் தோப்புகளுக்கும் கொய்யாச் சந்தைக்கும் பெயர் பெற்ற இவ்வூருக்கு அருகிலுள்ள பெரிய தொடருந்து நிலையம் பழனி ஆகும். இப்பகுதிக்குத் தொடருந்தைக் கொண்டு வந்தது, 1928 இல் தென்னிந்திய இரயில்வே நிறுவனம் திறந்த திண்டுக்கல் - பொள்ளாச்சி மீட்டர் பாதையாகும். இதன் நீளம் ஏறத்தாழ 121 கிலோமீட்டர். ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி, பழனி, புஷ்பத்தூர், மடத்துக்குளம், மைவாடி சாலை, உடுமலைப்பேட்டை, கோமங்கலம் ஆகிய நிலையங்கள் இத்தடத்தில் அமைந்தன.

மீட்டர் பாதைக் காலத்தில் ஒற்றைத் தண்டவாளத் தடங்களில் டோக்கன் முறை நடைமுறையில் இருந்தது. தென்னிந்தியாவில் பரவலாகப் பயன்பட்ட டோக்கன் உலோகத்தாலான ஒரு பந்து ஆகும். அதனை வளையத்துடன் கூடிய பையில் இட்டு, நிலைய அதிபர் அல்லது அவரது உதவியாளர் ஓட்டுநரிடம் கொடுப்பார். பந்து கையில் இல்லாமல் ஓட்டுநர் அடுத்த பிரிவுக்குள் செல்ல முடியாது. ஆகவே வண்டிகள் விலகிச் செல்லும் சிறிய நிலையத்திலும் இரவு பகலாக ஆள் இருக்க வேண்டியிருந்தது. அவ்வாறு இருந்தவரே சீட்டும் விற்றார், வண்டி எங்கே வருகிறது என்றும் சொன்னார்.

அகலப் பாதை மாற்றத்தின்போது தற்காலக் கைகாட்டி அமைப்புகள் நிறுவப்பட்டன. திண்டுக்கல் - பழனிப் பகுதி 2012 இலும், பழனி - பொள்ளாச்சிப் பகுதி 2015 இலும் மீண்டும் திறக்கப்பட்டன. இத்தகைய மாற்றங்களின் விளைவாக இந்தியாவெங்கும் பல சிறு நிலையங்கள் வண்டி இயக்கத்துக்குத் தேவையற்றவையாகின. வண்டிகளை விலகச் செய்யும் இடங்கள் குறைந்த அளவில் போதுமானவையாக இருந்ததால், எஞ்சிய நிலையங்கள் ஹால்ட்டுகளாகத் தரம் குறைக்கப்பட்டன, அல்லது கைவிடப்பட்டன. தடம் விரைவானதாகவும் வலுவானதாகவும் ஆகும்போது அதன் ஓரத்துச் சிற்றூர்களுக்கு வண்டி அரிதாவது, பாதை மாற்றத்தின் பரவலாக உணரப்படும் விளைவுகளுள் ஒன்றாகும்.

திறத்தலும் மூடுதலும்

ஹால்ட் ஒன்று தொடர்ந்து இயங்குவது பெரும்பாலும் அங்கு விற்கும் சீட்டுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. கிளைப் பாதையில் நாளொன்றுக்கு 25 சீட்டுகள், முதன்மைப் பாதையில் 50 சீட்டுகள் என்பது நிலையங்களை மூடுவது குறித்து இந்தியாவில் எடுத்துக்கொள்ளப்பட்ட அளவுகோலாகும். 10 ரூபாய்க் கட்டணத்தில் நாளுக்கு 25 சீட்டுகள் என்றால் ஆண்டு வருவாய் 91,250 ரூபாய் மட்டுமே. ஓர் ஊழியரின் ஆண்டுச் சம்பளத்துக்கு இது போதாது என்பதால், ஆளை நீக்குவது எளிய தீர்வாகத் தோன்றுகின்றது.

ஆயினும் சீட்டு எண்ணிக்கை ஒரு நிலையத்தின் தேவையை முழுமையாகக் காட்டுவதில்லை. சிற்றூரிலிருந்து நகரத்துக்குச் செல்பவர் நகரத்து நிலையத்தில் வாங்கும் திரும்பும் சீட்டு நகரத்தின் கணக்கில் சேர்கின்றது. முகவர் இல்லாத நாளில் கார்டின் அனுமதியோடு ஏறி, இறங்கும் இடத்தில் கட்டணம் செலுத்துபவரும் ஹால்ட்டின் கணக்கில் வருவதில்லை. இவ்வாறு, சீட்டு விற்க ஆள் இல்லாமையே சீட்டு விற்பனையைக் குறைத்து, குறைந்த விற்பனையே நிலையத்தை மூடுவதற்குக் காரணமாகவும் ஆகக்கூடும்.

ஊர் மக்களின் முயற்சியால் நிலைபெற்ற ஹால்ட்டுகளும் உள்ளன. இராசத்தானின் சீகர் மாவட்டத்திலுள்ள ரசீத்புரா கோரி நிலையம் வருவாய் குறைவால் 2005 இல் மூடப்பட்டது. ஊர் மக்களின் தொடர் கோரிக்கையை அடுத்து 2009 இல் மீண்டும் திறக்கப்பட்டது. சீட்டு விற்பது உள்ளிட்ட பொறுப்புகளை ஊராரே ஏற்றுக்கொண்டனர். அரியானாவின் குர்காவுன் மாவட்டத்திலுள்ள தாச் நகர் மக்கள், நிலையம் கோரிப் பல ஆண்டுகள் காத்திருந்த பின், ஏறக்குறைய 20 இலட்சம் ரூபாயைத் தாங்களே திரட்டி நடைமேடையும் சீட்டு வழங்குமிடமும் கட்டினர். இந்த ஹால்ட் 2010 சனவரியில் திறக்கப்பட்டது.

கோவிட் 19 பெருந்தொற்று சிறிய நிலையங்களைப் பெரிதும் பாதித்தது. 2020 மார்ச்சில் பயணியர் வண்டிகள் அனைத்தும் நிறுத்தப்பட்டன. அவை மீண்டும் படிப்படியாக இயக்கப்பட்டபோது பல வண்டிகள் சிறப்பு விரைவு வண்டிகள் என்னும் பெயரைப் பெற்றன. குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயானது. பல ஹால்ட்டுகள் தம் நிறுத்தங்களை இழந்தன. பழைய 10 ரூபாய்க் கட்டணம் 2024 பிப்ரவரியில் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. ஆனால் இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் பேருந்துக்கும் இருசக்கர வண்டிக்கும் மாறிவிட்ட பயணிகள் அனைவரும் திரும்பிவிடவில்லை. கேரளத்தில் கோழிக்கோடு மாவட்டத்தின் வெள்ளறக்காடு, கண்ணூர் மாவட்டத்தின் சிறக்கல் ஆகிய இரு நிலையங்களும் 2025 மே மாத இறுதியில் மூடப்பட்டன. பெருந்தொற்றுக்குப் பின் அங்கு நிற்கும் வண்டிகளும் பயணிகளும் குறைந்தமை இதன் பின்னணியாக அமைந்தது.

சப்பானில்

ஆளில்லா நிலையங்கள் மிகுதியாக உள்ள நாடுகளுள் சப்பான் குறிப்பிடத்தக்கது. அந்நாட்டின் நிலையங்களுள் ஏறத்தாழப் பாதி ஆளில்லாதவை. ஊர்ப்புற மக்கள் தொகை குறைந்தமை, பிறப்பு வீதம் வீழ்ந்தமை, தானுந்துகள் பெருகியமை ஆகியவை இதற்கான முதன்மைக் காரணங்கள். 1987 ஏப்ரல் 1 அன்று சப்பானியத் தேசிய இரயில்வே பல நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் செலவைக் குறைக்கும் பொருட்டுப் பல நிலையங்களிலிருந்து ஊழியர் நீக்கப்பட்டனர்.

இந்திய ஹால்ட்டுக்கும் சப்பானிய ஆளில்லா நிலையத்துக்கும் இடையே ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. சப்பானில் வண்டிகள் விலகிச் செல்லும் கிளைத் தண்டவாளமும் கைகாட்டியும் கொண்ட நிலையங்களும்கூட ஆளில்லாமல் இயங்குகின்றன. தொலைவிலுள்ள கட்டுப்பாட்டு மையத்திலிருந்து அவை இயக்கப்படுகின்றன.

சீட்டு வழங்கும் பணி அங்கே வண்டி ஓட்டுநரிடம் சென்று சேர்ந்துள்ளது. கார்டு இல்லாமல் ஓட்டுநர் ஒருவரே இயக்கும் இம்முறை வான்மான் எனப்படுகின்றது. இது ஒற்றை ஆள் எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சப்பானிய ஒலிப்பு ஆகும். இம்முறையில் பயணி பெட்டியில் ஏறும்போது, கதவருகே உள்ள பொறியிலிருந்து எண்ணிட்ட ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக்கொள்கின்றார். அந்த எண் அவர் ஏறிய நிலையத்தைக் குறிக்கும். ஓட்டுநருக்கு மேலுள்ள பலகையில் ஒவ்வோர் எண்ணுக்கும் உரிய கட்டணம் காட்டப்படும். இறங்கும்போது துண்டுச் சீட்டையும் பணத்தையும் ஓட்டுநர் அருகிலுள்ள பெட்டியில் இட்டுவிட்டு, முன் கதவு வழியாக இறங்க வேண்டும்.

சில குறிப்பிடத்தக்க நிலையங்கள்:

- தோவாய் (குன்மா மாகாணம்): 1985 முதல் ஆளில்லாதது. ஒரு திசைக்கான நடைமேடை சுரங்கத்தினுள் உள்ளது. அங்கிருந்து வெளியே வர 486 படிகள் ஏற வேண்டும்.
- கொபோரோ (ஹொக்கைடோ): இரு சுரங்கங்களுக்கு இடையில், கடலுக்கு அருகில், சாலை வழியே அடைய முடியாத இடத்தில் உள்ளது. தொடருந்து நிறுவனம் 2015 இல் இதனை மூட முன்வந்தபோது, தொயோவுரா நகரம் பராமரிப்புச் செலவை ஏற்றுக்கொண்டது.
- கிசி (வக்கயாமா மாகாணம்): 2006 இல் ஊழியர் நீக்கப்பட்ட நிலையம். 2007 சனவரியில் தாமா என்னும் பூனை நிலைய அதிபராக அறிவிக்கப்பட்டது. பூனையைக் காண வந்த பயணிகளால் நட்டத்திலிருந்த தடம் புத்துயிர் பெற்றது. தாமா 2015 சூனில் இறந்தது.

2016 சனவரியில், ஒரே ஒரு பள்ளி மாணவிக்காக ஹொக்கைடோவில் ஒரு நிலையம் மூடப்படாமல் வைக்கப்பட்டுள்ளது என்னும் செய்தி உலகெங்கும் பரவியது. அச்செய்தி காமி சிரத்தாக்கி நிலையத்தைக் குறிப்பிட்டது. உண்மையில் அம்மாணவி பயன்படுத்தியது அதே தடத்திலுள்ள கியூ சிரத்தாக்கி நிலையம் ஆகும். வண்டி நேரங்களும் அவர் ஒருவருக்கென அமைக்கப்பட்டவை அல்ல. அவ்வண்டியில் வேறு மாணவர்களும் பயணம் செய்தனர். இரு நிலையங்களும் 2016 மார்ச்சு 26 அன்று, கால அட்டவணை மாற்றத்தின்போது மூடப்பட்டன. இச்செய்தியின் சில விவரங்கள் பிழையானவை எனினும், ஒரு நிலையம் எத்தனை பேருக்குப் பயன்பட்டால் போதும் என்னும் வினாவை அது பலரிடமும் எழுப்பியது.

அணுகுவசதியும் பாதுகாப்பும்

ஆளில்லா நிலையங்களின் குறைகள் எல்லாப் பயணிகளையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை. இந்தியாவில் நடைமேடைகள் தண்டவாள மட்டம், தாழ்மட்டம், உயர்மட்டம் என மூவகைப்படும். உயர்மட்ட நடைமேடை தண்டவாளத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர் வரை உயரமுடையது. தாழ்மட்ட நடைமேடையின் உயரம் அதிகபட்சம் 455 மில்லிமீட்டர் ஆகும். பெட்டியின் தளமோ ஒரு மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கின்றது. தாழ்மட்ட நடைமேடை உள்ள ஹால்ட்டில், ஒரு நிமிட நிறுத்தத்துக்குள் முதியவர் ஒருவர் செங்குத்தான படிகளைப் பிடித்து ஏற வேண்டியுள்ளது. சக்கர நாற்காலியில் வருபவர் பிறர் உதவியின்றி ஏறவே முடியாது. இரவில் வெளிச்சக் குறைவும், அவசர நேரத்தில் அழைக்க ஆள் இல்லாமையும் பெண் பயணிகளுக்குக் கூடுதல் இடராக அமைகின்றன.

சப்பானில் இச்சிக்கல் நீதிமன்றம் வரை சென்றது. நிலையங்களிலிருந்து ஊழியரை நீக்குவது தம் பயண உரிமையைப் பறிக்கின்றது எனக் கூறி, ஒயித்தா மாகாணத்தைச் சேர்ந்த மாற்றுத்திறனாளிகள் 2020 இல் கியூசூ தொடருந்து நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தனர். ஆளில்லா நிலையங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு உதவுவதற்கான வழிகாட்டுதல்களைச் சப்பானிய அரசு 2022 இல் வெளியிட்டது. இந்தியாவில் 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுப் போக்குவரத்து அனைவரும் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என வலியுறுத்துகின்றது. ஹால்ட்டுகளும் இச்சட்டத்துக்கு விலக்கானவை அல்ல.

ஊழியர் இன்றியும் நிலையம் இயங்க முடியும் என்பதை ஹால்ட்டுகள் நூறாண்டுக்கும் மேலாகக் காட்டி வருகின்றன. ஊழியரை நீக்கும்போது அவர் பணிகளை ஏற்பவர் யார் என்பது முன்கூட்டியே வரையறுக்கப்படும் இடங்களில் அவை நன்கு இயங்குகின்றன. வரையறுக்கப்படாத இடங்களில் அப்பணிகள், அவற்றைச் செய்ய இயலாத பயணியின் மீதே விழுகின்றன.

இவற்றையும் பார்க்க

- இந்திய இரயில்வே
- தென்னக இரயில்வே
- திண்டுக்கல் சந்திப்பு தொடருந்து நிலையம்
- பழனி தொடருந்து நிலையம்
- ஆயக்குடி
- கடவுப்பாதை
- சப்பானில் தொடருந்துப் போக்குவரத்து